லீவே போடாத பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸ்!

அரசுத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழா என்றால், மேடையைவிட அதன் பக்கத்தில் கிடக்கும் மேஜை மேல்தான் பிள்ளைகளின் கண் இருக்கும். எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் வாளி, ஜாமெட்ரி பாக்ஸ், தட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். பல பள்ளிகளில் இவை ஆசிரியர்களின் சொந்தக் காசில் வாங்கியவை. 'அந்தப் பெரிய டப்பா யாருக்குடி?' என்று தரையில் உட்கார்ந்திருக்கும் வாண்டுகளுக்குள் காலையிலிருந்தே பேச்சு ஓடும்.

முதல் மதிப்பெண், கையெழுத்து, திருக்குறள் ஒப்பித்தல், ஓட்டப்பந்தயம், மாறுவேடம் என்று பரிசுகள் ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில், கூட்டம் கொஞ்சம் கலையத் தொடங்கும் நேரத்தில் ஓர் அறிவிப்பு வரும்: 'ஆண்டு முழுக்க ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் பள்ளிக்கு வந்த மாணவர்!' மற்ற ஊர்களில் இதற்குக் கைத்தட்டல் சுமாராகத்தான் விழும். 'லீவு போடாம வர்றதுக்கெல்லாம் ஒரு பரிசா?' என்று தோன்றும்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அப்படித் தோன்றாது. இங்கே ஒரு பிள்ளை வருஷம் முழுக்கப் பள்ளிக்கு வந்தது என்றால், அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் வீட்டின் காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு வெகு முன்பே தெருமுனையில் வேன் வந்து நின்றுவிடும். சரம் பின்னவோ குழாய் உருட்டவோ அம்மா அதில் ஏறிப் போயாக வேண்டும். அப்பாவும் அதே மாதிரிதான். அதற்குப் பிறகு அந்த வீட்டின் பெரிய ஆள், நாலாம் வகுப்புப் படிக்கும் அக்காதான். தம்பியை எழுப்ப வேண்டும், தனக்கும் தங்கைக்கும் தலை பின்ன வேண்டும், கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது அம்மா அல்ல, அக்கா. அம்மா லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அக்கா லீவு போட்டால் என்ன போகிறது? பல வீடுகளில் பல காலமாக இருந்த கணக்கு இது.

தீபாவளி நெருங்கும் மாதங்களில் இது இன்னும் இறுகும். ஆலைகளில் வேலை மும்முரமாகும் செப்டம்பரில்தான் பள்ளியில் காலாண்டுத் தேர்வும் வரும். நாடு முழுக்கப் பிள்ளைகள் கொளுத்தப்போகும் மத்தாப்பு தயாராகும் நேரத்தில், அது தயாராகும் ஊர்ப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். அந்த மாதத்திலும் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்றால், அந்த டிபன் பாக்ஸ் சாதாரண டிபன் பாக்ஸா?

221 ஆலைகள், 2,941 குழந்தைகள்

இந்த மண்ணில் 'பள்ளிக்கு வருவது' ஏன் சாதனை ஆனது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1980-களில் இங்கேயும் விடிவதற்கு முன்பே வாகனங்கள் வந்தன. அவற்றில் ஏறியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். தீப்பெட்டி ஆலைகளில் கட்டை அடுக்கினார்கள். அதாவது, மெழுகிலும் மருந்திலும் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை. சின்ன விரல்களுக்கு அது வேகமாக வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். சின்னக் கைகளுக்குச் சின்னக் கூலி கொடுத்தால் போதும் என்பது சொல்லப்படாத காரணம்.

டெல்லி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழக்கில் பதிவான கணக்கு இது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, சிவகாசி வட்டாரத்தில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221. தொழிலாளர்கள் 27,338 பேர். அவர்களில் குழந்தைகள் 2,941 பேர். கவனியுங்கள், இது பதிவு பெற்ற ஆலைகளின் கணக்கு மட்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வருமானம் பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும். தீர்ப்புக்கு முன்பே, 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சேர்ந்த முதல் பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, மதியச் சாப்பாடு, கையில் சிறு உதவித்தொகை. இரண்டு மூன்று வருஷம் அங்கே படித்துவிட்டு ஊர்ப் பள்ளியில் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ போய் உட்கார்ந்தவர்கள், இன்று பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோர் வரிசையில் உட்காரும் வயதில் இருக்கிறார்கள்.

ஒரு பிடி அரிசி

இதே விருதுநகருக்கு இன்னொரு முகமும் உண்டு. பள்ளிக்கூடத்தை அரிசியால் வளர்த்த ஊர் இது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலைக்கு வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். பெண்கள் பிடி அரிசி கொடுத்தார்கள். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்துப் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பார்கள். சாப்பிடும் சோற்றிலிருந்து எடுத்துக் கட்டிய பள்ளிக்கூடம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நின்றுபோனான். ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சிவகாமி நகைகளை விற்றுக் குடும்பம் நடத்தினார். பையன் தாய்மாமன் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனான். இன்றைய பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் அவன் பெயர் 'இடைநிற்றல்' பட்டியலில் ஏறியிருக்கும். 1903 ஜூலை 15-ல் பிறந்த அந்தப் பையன், 1954-ல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார்.

காமராஜரின் பள்ளி நாள் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. விநாயகர் சதுர்த்திக்குப் பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரே அளவு காசு வாங்கி, பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்தார்களாம். மற்ற பிள்ளைகள் முண்டியடித்து நிறைய வாங்கிக்கொள்ள, ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. 'நீயும் முன்னால போய் வாங்க வேண்டியதுதானே?' என்று பாட்டி கேட்டதற்கு, எல்லோரிடமும் ஒரே காசு வாங்கினார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது கொடுப்பவர் வேலைதானே என்று பையன் திருப்பிக் கேட்டானாம். கதை எந்த அளவு நிஜமோ, பரிசு மேஜை போடுகிற ஒவ்வொரு தலைமையாசிரியரும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டிய கதை. முண்டியடிக்கும் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். ஒதுங்கி நிற்கும் பிள்ளையை டீச்சருக்குத்தான் தெரியும்.

முதலமைச்சரான பிறகு காமராஜர் செய்தவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. 1956-ல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதிகம் பேசப்படாதது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியவை இவை. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கின. பெஞ்ச், கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்கு வாரி வழங்கினார்கள். விருதுநகரின் பிடி அரிசி மாநிலம் முழுக்கப் போனது என்றே இதைச் சொல்லலாம்.

2006 முதல் ஜூலை 15, 'கல்வி வளர்ச்சி நாள்'. அன்று இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் நாலு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்ட குட்டிக் காமராஜர்கள் வரிசையாக நிற்பார்கள். பேச்சுப் போட்டியில் பாதிப் பேர் அதே நாலு வரியைத்தான் ஒப்பிப்பார்கள். இருந்தாலும் பார்க்க அழகு.

தாம்பாளத்தில் வரும் பீரோ

பிடி அரிசிக் கலயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்போது 'கல்விச் சீர்' கொண்டுவருகிறார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போவது மாதிரியே மேளதாளம், ஊர்வலம் எல்லாம் உண்டு. தாம்பாளத்தில் பழம், பூவுக்குப் பக்கத்தில் நோட்டு, பென்சில், உலக உருண்டை. பின்னாலேயே நாலு பேர் தூக்கிவரும் பீரோ, மின்விசிறி, நாற்காலி. வாசலில் தலைமையாசிரியர் ஆரத்தி எடுத்து வரவேற்பார். கொடுக்கிறவர்களில் பலர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் கொடுத்த மின்விசிறிக்குக் கீழேதான் அவர்கள் பிள்ளை உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறது.

அரசு செய்தவற்றில், இந்த வட்டாரத்தின் காலைப் பொழுதையே மாற்றியது காலை உணவுத் திட்டம்தான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. மற்ற ஊர்களுக்கு இது ஊட்டச்சத்து. வேனுக்கு ஓடும் அம்மாக்கள் இருக்கும் ஊருக்கு இது நேரம். விடியுமுன் எழுந்து பொங்கவேண்டிய சோறு பள்ளியிலேயே உப்புமாவாக, கிச்சடியாக, பொங்கலாக இருக்கிறது. நாலாம் வகுப்பு அக்காவுக்கும் ஒரு வேலை குறைந்தது.

படிப்பைச் சுவையாக்கும் வேலைகளும் நடக்கின்றன. கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் பிடிக்க 2022-ல் வந்தது 'எண்ணும் எழுத்தும்'. 'இல்லம் தேடிக் கல்வி'யில் தெருவிலேயே ஓர் அக்கா மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அம்மா ஆலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கும் அது பதிலாக இருந்தது. இதெல்லாம் ஆசிரியர்களின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பு எடுக்கும் பள்ளியில் செயலியில் பதிவேற்றவும், போட்டிக்குத் தயார்படுத்தவும், பரிசு வாங்கக் கடைக்குப் போகவும் அதே இரண்டு பேர்தான்.

எட்டாவதில் இருக்கிறது படி

மே மாதம் வந்தால் விருதுநகர் செய்தியில் வரும். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2017, 2018, 2023 என்று மாநிலத்தில் முதலிடம். இத்தனைக்கும் மத்திய அரசு 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டதில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தவை இரண்டுதான். ஒன்று ராமநாதபுரம், இன்னொன்று விருதுநகர். தேர்ச்சியில் முதலிடமும் பின்தங்கிய பட்டியலும் ஒரே மாவட்டத்துக்கு! பிளஸ் டூ சதவிகிதம் பரீட்சை எழுதியவர்களைப் பற்றித்தான் சொல்லும். பிளஸ் டூ வரை வராதவர்களைப் பற்றிச் சொல்லாது. அந்தக் கணக்கு தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில்தான் தொடங்குகிறது.

ஐந்தாவது தாண்டி நடுநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் ஒரு வாசல் இருக்கிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் மாணவர்கள் எழுதலாம். மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, படிப்பறிவுப் பகுதியில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் ஆயிரம் ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு ஒதுக்கீடு 6,695 இடங்கள்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். ஆலையில் முன்பணம் வாங்கிய வீட்டில் 'பத்தாவதோட நிறுத்திருவோமா?' என்ற பேச்சு எழும் வயது அது. அந்த நேரத்தில் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் வங்கிக் கணக்கில், படித்ததற்காக ஒரு பணம் வருகிறது. வீட்டுக்குள் அந்தப் பெண் பேசும் குரலே கொஞ்சம் மாறும். இதற்காகவே பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும், சனிக்கிழமையிலும் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. வாசலில் மாட்டும் ஃபிளெக்ஸில் பிள்ளைகள் படம் இருக்கும். அவர்கள் படம் பெரும்பாலும் இருக்காது.

சில வருஷங்களில், அந்த வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே திடீரென்று பத்துப் பதினைந்து நாள் காலியாகக் கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊருக்கே தெரிந்திருக்கும். வெடி விபத்து. 1991-ல் மீனம்பட்டியில் 39 பேர் இறந்ததிலிருந்து இன்று வரை அந்தச் செய்தி இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதற்காக ஆட்சியர் பொறுப்பில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் நிதி. பணம் வரும். அந்தப் பிள்ளை பதினாறாம் நாள் பள்ளி வாசலுக்கு வருமா என்பதை டீச்சரும், பக்கத்து வீட்டுக்காரரும், பாட்டியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரும் டீச்சர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டு விழா மாலையில்தான் நடக்கும். வேன் திரும்பி வந்தால்தானே அம்மாக்கள் வர முடியும்? சரம் பின்னிய விரலில் சாயம் போகாமலேயே வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். மகள் பெயரைக் கூப்பிட்டதும் செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். படம் பெரும்பாலும் ஆடியிருக்கும்.

வாங்கிய டிபன் பாக்ஸை அன்றிரவே கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் காலை அது வேனில் ஏறும், அம்மாவின் மதியச் சோற்றோடு. மகளுக்குத்தான் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு இருக்கிறதே!