டொமைன் காலியா இருக்கு, சரி. அந்தப் பெயர் உங்களோடதா?

சென்னையிலோ பெங்களூருலயோ வேலை. சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். மாசச் சம்பளத்துல கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கீங்க. கல்வராயன் மலைத் தேன், சாமை, கடுக்காய், இல்லைன்னா ஊரில் செதுக்குற மரச் சிற்பம், இதையெல்லாம் ஆன்லைன்ல விற்கலாம்னு ஒரு யோசனை. ராத்திரி 11 மணிக்கு டொமைன் விற்கிற தளத்தைத் திறந்து பெயரைத் தட்டுறீங்க. பச்சை நிறத்தில் 'கிடைக்கும்'னு வருது. உடனே பணத்தைக் கட்டிடலாமா?

பத்து நிமிஷம் பொறுங்க. அந்தப் பச்சை நிறம் சொல்றது ஒரே ஒரு விஷயம்தான்: இதே எழுத்துகளை இதே வரிசையில் வேற யாரும் பதிவு செய்யலை. அந்தப் பெயரில் வியாபாரம் பண்ண உங்களுக்கு உரிமை இருக்கான்னு அது சொல்லாது. இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு விலைன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல் சோதனை: போன்ல சொல்லிப் பாருங்க

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் நம்ம ஆட்களுக்குத் தனிச் சிக்கல். கள்ளக்குறிச்சிக்கு 'கே' ஒன்றா, இரண்டா? கல்வராயன் மலையை ஆங்கிலத்தில் 'கல்வராயன்'னும் எழுதுறாங்க, 'கல்ராயன்'னும் எழுதுறாங்க. அரசாங்கத்துக்கே இது எளிதாக இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டது. கடும் விமர்சனம் வர, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

'மலைத்தேன்'னு ஒரு பெயர் வெச்சுக்குவோம். நமக்கு அழகா இருக்கு. ஆங்கில எழுத்தில் போட்டா, வட இந்திய வாடிக்கையாளர் முதல் பாதியை 'மலாய்'னு, அதாவது பால் ஏடுன்னு படிப்பார். இரண்டாம் பாதியை 'அப்புறம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லா படிப்பார். உங்க தேன் எங்கேயும் தெரியாது!

அதனால நண்பர்கள் அஞ்சு பேருக்கு போன் பண்ணி, பெயரை ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க. கேட்டதை டைப் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. அஞ்சுல நாலு பேர் ஒரே மாதிரி எழுதினா பெயர் தேறும். ஆளுக்கு ஒரு விதமா எழுதினா விட்டுடுங்க. தப்பா டைப் பண்ற ஒவ்வொருத்தரும் நீங்க இழக்கிற ஒரு வாடிக்கையாளர்தான்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாமே? வாங்கலாம். 'டாட் இந்தியா' தமிழ் எழுத்திலேயே இருக்கு. ஆனா அதை இரண்டாவது கதவா மட்டும் வெச்சுக்கோங்க. மின்னஞ்சல் முகவரி, பில், விளம்பரம் எல்லாத்துக்கும் இப்போதைக்கு ஆங்கில எழுத்து முகவரிதான் சுலபமா ஓடும்.

இரண்டாவது சோதனை: இதே மாதிரி ஒலிக்கிற பெயர் வேற இருக்கா?

இதுதான் முக்கியமான பகுதி. சென்னையைத் தலைமையிடமா கொண்ட சத்யம் இன்ஃபோவே, 'சிஃபி' என்ற பெயரில் 1999-லேயே டொமைன்களைப் பதிவு செய்திருந்தது. 2001-ல் பெங்களூரின் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ், ஓர் எழுத்தை மட்டும் கூடுதலா போட்டுக் கிட்டத்தட்ட அதே பெயரில் டொமைன் வாங்கியது. எங்க அஞ்சு பங்குதாரர்களோட பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் வெச்சோம்னு வாதாடினாங்க. கீழ் நீதிமன்றம் தடை போட்டது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கடைசியில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயருக்கும் வர்த்தகக் குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டுன்னு அந்தத் தீர்ப்பு தெளிவாச் சொன்னது.

கவனிங்க, அந்த டொமைனும் பதிவு செய்த அன்னைக்குக் 'காலி'யாத்தான் இருந்தது. ஓர் எழுத்தைக் கூட்டினா, ஒரு கோடு போட்டா தப்பிச்சிடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடலை.

அதனால இரண்டு இடத்தில் இலவசமாத் தேடிடுங்க. ஒன்று, வர்த்தகக் குறிப் பதிவகத்தின் பொதுத் தேடல். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளா பிரிக்கப்பட்டிருக்கும். தேனுக்கு 30-ஆம் வகுப்பு, மரச் சிற்பத்துக்கு 20. எழுத்தை வெச்சு மட்டும் தேடாம, ஒலியை வெச்சும் தேடுங்க. இரண்டு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருக்கும் பெயர்த் தேடல்.

பெரிய கம்பெனியின் பெயரை முன்கூட்டியே பிடிச்சு வெச்சு லாபம் பார்க்கலாம்னு சிலருக்கு ஆசை வரும். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும்னு கணித்து டெல்லி இளைஞர் ஒருத்தர் ஜியோஹாட்ஸ்டார் டாட் காமை வாங்கி வெச்சார். 2024 அக்டோபரில், என் மேற்படிப்புச் செலவைத் தந்தா டொமைனைத் தர்றேன்னு கேட்டார். ரிலையன்ஸ் ஒத்துக்கலை. டொமைன் கைமாறி, கடைசியில் இலவசமாவே ரிலையன்ஸுக்குத் தர முன்வந்ததா செய்தி வந்தது. இது முதலீடு இல்லைங்க, வம்பு.

மூன்றாவது சோதனை: ஊர்ப் பெயரை வைக்கலாமா?

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிக் கைவினைஞர்களின் உழைப்புக்குக் கிடைச்ச அடையாளம் அது. அந்தப் பெயரை அப்படியே டொமைனா வாங்கி, வேற ஊரில் மெஷினில் வெட்டின சிலையை விற்றா, அது வெறும் வியாபாரத் தந்திரமா முடியாது. 1999-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பொய்யான குறியீட்டுக்குச் சிறைத் தண்டனை வரைக்கும் இடம் இருக்கு. நிஜமான சிற்பத்தையே விற்கிறவங்களும், 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' பதிவு உள்ள கைவினைஞர்களிடம் வாங்கி, அதற்கான பில்லை வெச்சிருக்கிறது நல்லது.

தேனுக்கு அந்தச் சிக்கல் இல்லைன்னாலும் வேற ஒண்ணு இருக்கு. கல்வராயன் எல்லாருக்கும் பொதுவான மலை. வெறும் இடப்பெயரை உங்க தனி வர்த்தகக் குறியா பதிவு செய்றது கஷ்டம். நீங்க மூணு வருஷம் உழைச்சுப் பெயர் வாங்கின பிறகு, பக்கத்துக் கடைக்காரரும் 'கல்வராயன் தேன்'னு போட்டா தடுக்க முடியாம நிப்பீங்க. அதனால பெயர் தனிச்சொல்லா இருக்கட்டும். 'வெள்ளிமலையில் எடுத்தது' என்ற உண்மை லேபிளில் இருக்கட்டும்.

ஒரே பொருளோட பெயரிலும் மாட்டிக்காதீங்க. சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்னு ஒரு தயாரிப்போடு ஆரம்பிச்ச கம்பெனி, தயாரிப்புகள் பெருகின பிறகு 2017-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பெயர் மாத்திக்கிட்டது. அட்வென்ட்நெட்டும் தன் தயாரிப்புப் பெயரான ஜோஹோவை 2009-ல் கம்பெனிப் பெயரா எடுத்துக்கிட்டது. அவங்களால மாத்த முடிஞ்சது. 'தேன்'னு பெயர் வெச்சுட்டு நாளைக்குச் சாமை விற்கும்போது நமக்குப் புது போர்டு, புது லேபிள், புது பதிவு எல்லாம் மறுபடியும் செலவு.

இப்போ கணக்குக்கு வருவோம்

தோராயமான ஒரு பட்ஜெட்:

• டாட் காம், ஒரு வருஷம்: ₹1,500
• டாட் இன், ஒரு வருஷம்: ₹1,000
• தப்பா டைப் பண்ண வாய்ப்புள்ள இன்னொரு எழுத்துக்கூட்டல்: ₹1,500
• மேலே உள்ள ₹4,000-க்கு 18% ஜிஎஸ்டி: ₹720
• கம்பெனிப் பெயர் முன்பதிவு: ₹1,000
• வர்த்தகக் குறி விண்ணப்பம், ஒரு வகுப்பு (தனிநபர், ஆன்லைன்): ₹4,500

மொத்தம் ₹10,220. முதல் வருஷச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. புதுப்பிக்கும் விலை என்னன்னு பாருங்க, நீங்க வருஷா வருஷம் கட்டப் போறது அதுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கம், நீங்க ஆசைப்பட்ட பெயரை ஒருத்தர் ₹2 லட்சத்துக்கு விற்கிறார்னு வைங்க. ஒரு பாட்டில் தேனில் ₹80 லாபம் நின்னா, அந்தப் பெயருக்காக மட்டும் 2,500 பாட்டில் விற்கணும். அதே பணம் 7% வட்டியில் அஞ்சு வருஷம் இருந்தா சுமார் ₹2.80 லட்சம் ஆகியிருக்கும். முதல் பாட்டிலே விற்காத கம்பெனிக்கு இந்தச் செலவு தேவையில்லை. இன்னொண்ணு, இந்தச் செலவு எதையும் உங்க சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. பில்லைப் பத்திரமா வைங்க, வியாபாரக் கணக்கில் காட்டத் தேவைப்படும்.

யார் பெயரில் வாங்குறீங்க?

வெப்சைட் செஞ்சு தர்றவர், 'நானே டொமைனும் போட்டுத் தர்றேன் சார்'னு சொல்வார். வேண்டாம். கணக்கு உங்களோடது, மின்னஞ்சல் உங்க சொந்தது, பதிவு உங்க பெயரில். ஆபீஸ் மெயில் ஐடி வேண்டவே வேண்டாம், வேலை மாறினா அந்த ஐடி போயிடும். கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தில் வெளி வியாபாரம் பற்றி என்ன இருக்குன்னும் படிச்சுடுங்க. நண்பரோடு கூட்டுன்னா, கம்பெனி பதிவான உடனே டொமைனைக் கம்பெனி பெயருக்கு மாத்திடுங்க. நல்லா இருக்கும்போது யாரும் கேட்க மாட்டாங்க. பிரியும்போது முதல் சண்டையே 'டொமைன் யாரோடது?' என்பதுதான்.

காலாவதித் தேதியையும் போன் காலண்டரில் போடுங்க. டாட் காம் காலாவதியான பிறகு சலுகைக் காலம் பதிவாளரைப் பொறுத்தது, அதிகபட்சம் 45 நாள். அப்புறம் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதுக்குப் பிறகு 5 நாளில் அழிஞ்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

வரிசை இதுதான்

1. அஞ்சு பெயர் எழுதுங்க, போன் சோதனையில் மூணாக்குங்க.
2. வர்த்தகக் குறி, கம்பெனிப் பெயர், புவிசார் குறியீடு மூணையும் தேடுங்க. எல்லாம் இலவசம்.
3. தேறின பெயருக்கு அன்னைக்கே டொமைன் வாங்குங்க.
4. கம்பெனி தொடங்கப் போறீங்கன்னா மட்டும் பெயரை முன்பதிவு செய்யுங்க. கிடைச்சா 20 நாளுக்குத்தான் செல்லும், அதனால மத்த ஆவணங்கள் தயாரான பிறகு போடுங்க.
5. வர்த்தகக் குறிக்கு விண்ணப்பிங்க. பதிவு கிடைச்சா 10 வருஷம், பிறகு புதுப்பிச்சுக்கலாம்.

ஒரு சனி, ஞாயிறில் முதல் மூணு வேலையும் முடிஞ்சிடும். அந்த இரண்டு நாளைச் செலவழிக்காம வாங்கின பெயரை, மூணு வருஷம் கழிச்சு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து பிடுங்கிட்டுப் போகலாம். பெயரோடு சேர்ந்து வாடிக்கையாளரும் போயிடுவாங்க. வர்த்தகக் குறித் தேடலை எப்படிச் செய்றதுன்னு நம்ம சேனல்ல ஸ்கிரீனோட காட்டுறேன். அதுவரைக்கும் அந்த அஞ்சு பெயரை எழுதி வைங்க.