பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

வீட்டைப் பழுது பார்ப்பது என்றால் நமக்கு உடனே என்ன தோன்றும்? சமையல் மேடை, பாத்ரூம் டைல்ஸ், பரணுக்குக் கதவு... இன்டர்நெட் ஞாபகம் வருவதெல்லாம் பெயிண்டும் அடித்து முடித்த பிறகுதான். அப்புறமென்ன, புதுச் சுவரில் ஆணியடித்து வயரை இழுக்க வேண்டியதுதான்!

எங்கள் வீட்டில் முன்கூட்டியே யோசித்தாக வேண்டியிருந்தது. மருமகளுக்குப் பிரசவ லீவு முடிந்து, வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. குழந்தை தூங்குவதோ பின்கட்டு அறையில். அங்கே சிக்னல் எட்டாது. மீட்டிங்கில் பாதிப் பேச்சில் படம் அப்படியே நின்றுவிடும். "பேசாம வேலையை விட்டுடட்டுமா அத்தை?" என்று அவள் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. இரண்டு சுவருக்காக ஒரு பெண் வேலையை விடுவதா?

நல்ல வேளை, பின்கட்டுச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்த சமயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எல்லாம் வை-ஃபை காலம், வயர் எதுக்கும்மா?" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. செல்போனுக்கு வயர் செருகிக்கொண்டு திரிய முடியாதுதான். ஆனால் செங்கல் சுவர் அலையைக் கொஞ்சம் குடித்துவிடுகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் இன்னும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 தாண்டிப் போகும், வேகம் போதாது. (மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் தடுமாறும்!) ஆகவே சுவரைத் தாண்டுகிற வேலையை வயரிடம் விட்டுவிட்டு, அறைக்குள் உலாவுகிற வேலையை மட்டும் வை-ஃபைக்குக் கொடுத்தோம்.

ஃபைபர் வந்து சேரும் ஹாலிலிருந்து டி.வி.க்கு ஒன்று, மருமகளின் மேஜைக்கு ஒன்று, பின்கட்டுச் சுவரின் உச்சிக்கு ஒன்று என மூன்று கேட்-6 கேபிள்கள். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீடு எந்த மூலைக்கு! உச்சியில் ஒரு சின்ன வை-ஃபை பெட்டி. 'அக்சஸ் பாயின்ட்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதற்கேற்ற ரகமாக வாங்கினால் கரண்டும் அந்தக் கேபிளிலேயே போய்விடும். மருமகள் இப்போது பின்கட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், தொட்டிலை ஒரு கண்ணால் பார்த்தபடி.

"கைக்குழந்தை இருக்கிற ரூமாச்சே, ஆகுமா?" என்றாள் எதிர்வீட்டு மாமி. இம்மாதிரி மெல்லிய அலைகளால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-ல் சொல்லியிருக்கிறது. அதன் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-ல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை' என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அது முக்கியமாக செல்போனைக் காதோடு ஒட்டிப் பேசுவது பற்றிய ஆய்வுகளை வைத்து. தூரம் கூடக் கூட அலை மெலிந்துவிடும். மாமியின் திருப்திக்காகப் பெட்டியைத் தொட்டிலுக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம்.

கடையில் தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளை மலிவாக நீட்டுவார்கள். முழுத் தாமிரம்தானா என்று கேளுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள். தனிப் பைப், கொஞ்சம் தள்ளி. பைப் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும். உள்ளே ஒரு கம்பியை விட்டுவைத்தால், பின்னால் வேறு கேபிள் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டாம். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். காலண்டர் மாட்ட ஆணியடிக்கும்போது தேவைப்படும்.