ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு



புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மலைக் கிராமங்களில் இன்று பல வீடுகளில் இரண்டு அடுப்பு இருக்கிறது. சாமைச் சோறு ஆக்க, வெந்நீர் காய்ச்ச விறகு அடுப்பு. அவசரத்துக்கு கேஸ் அடுப்பு. 2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் ஏழைப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்பு வழங்கப்பட்டது. புகை குறைந்தால் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. ஆனால் இரண்டு அடுப்பையும் ஒரே மாதிரி நினைக்கக் கூடாது.

புகை மேலே போகும், கேஸ் கீழே தங்கும்

விறகுப் புகை கூரையைத் தேடிப் போகும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். விறகு அடுப்பு இருப்பதும் தரையில்தான். "அடுப்பு அணைஞ்சு போச்சு, வெறும் சாம்பல்தானே" என்பீர்கள். சாம்பலுக்குள் ஒரு கங்கு இருந்தால் போதும், கேஸ் பற்றிக்கொள்ளும். ஆகவே சிலிண்டர் உள்ள அறையில் விறகு அடுப்பு மூட்டாதீர்கள்.

கேஸ் அடுப்பு உள்ள வீட்டில்

1. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கட்டும்.
2. முதலில் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு, பிறகு திருகைத் திறங்கள்.
3. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள்.
4. கசிவைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்; தீக்குச்சி காட்டிப் பார்க்காதீர்கள். வெடித்த ரப்பர் குழாயை உடனே மாற்றுங்கள்.
5. கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரியவே நாற்றம் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கூரை வீட்டில்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் எழுந்த தீ, கீற்றுக் கூரையில் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அடுப்புக்கு நேர் மேலே விறகோ துணியோ காயப் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆனால் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அடுப்பை அணைத்துச் சட்டியை மூடுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குழந்தைகளை அடுப்பருகே தனியே விடாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர் தனியாகச் சமைக்க வேண்டாம்.

தீப்புண் பட்டால்

புடவையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள்; அருகில் இருப்பவர் கம்பளியால் போர்த்தி அமுக்கட்டும்.

மலைப்பாதையில் இறங்கித் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை சேர நேரமாகும். வண்டி வரும்வரை முதல் வைத்தியம் உங்கள் கையில். வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். "மாவு பூசினா எரிச்சல் அடங்குமே" என்பார்கள். மாவு, மஞ்சள், பற்பசை, மை எதுவும் வேண்டாம். புண் சீழ் பிடிக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-ஐ அழையுங்கள். குழந்தைக்குச் சிறிய புண்ணானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துச் சொல்லுங்கள்.