நாலு தடவை குதிச்ச பந்து

கடை ரெண்டு மாசமா பூட்டியே கிடந்தது. செமஸ்டர் கடைசி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பார்ட் டைம் வேலை, இன்ன பிற சாக்குகள். 'நீ எழுதலன்னு இங்க யாரு அழுதா?'ன்னு நீங்க முணுமுணுக்கறது காதுல விழுது. சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் குடியிருக்கறது ஸ்காபரோவுல ஒரு வீட்டு பேஸ்மென்ட். வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக்காரங்க. ஐயா, அம்மா, அவங்க பையன் (எனக்கு அண்ணா), மருமக (அக்கா), ஒரு மூணு வயசு வாண்டு. போன அன்னையர் தினத்தன்னிக்கு ராத்திரி நான் கீழே லேப்டாப்போட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். திடீர்னு மேலேர்ந்து "ஓஓஓஓ"ன்னு ஒரு அலறல். தொம் தொம்னு கூரை அதிருது. யாரோ மாடிப்படில விழுந்துட்டாங்க போலன்னு செருப்பு கூட போடாம மேலே ஓடினேன்.

போய்ப் பார்த்தா டிவி ஓடுது. அண்ணா சோபா மேல நிக்கறார். வாண்டு குதிக்குது. ஐயா சாய்மனைக் கதிரையில உக்காந்து ரெண்டு கையையும் தலைல வெச்சிருக்கார். "என்ன அண்ணா ஆச்சு?"ன்னேன். "தம்பி, இஞ்ச வாரும், இருந்து பாரும்"னு சொல்லி ரீவைண்ட் பண்ணார்.

அது 2019ல நடந்த மேட்ச்! முடிவு தெரிஞ்ச மேட்ச். நூறு தடவையாவது பார்த்த மேட்ச். அதுக்குத்தான் இந்த அலப்பறை.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். எனக்கும் பாஸ்கெட்பாலுக்கும் இருந்த சம்பந்தம், ஸ்கூல்ல பி.டி. சார் "உயரமா இருக்கறவன்லாம் இந்தப் பக்கம் வா"ன்னு கூப்பிட்டப்போ நான் அந்தப் பக்கம் போனதோட சரி. ஆனா அந்தத் தேதியப் பார்த்ததும் எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு. 2019 மே 12. நம்மாளுங்கள்ல யாருக்கெல்லாம் இந்தத் தேதி ஞாபகம் இருக்கு? மஞ்சச் சட்டை கோஷ்டிக்குக் கண்டிப்பா இருக்கும். ஹைதராபாத்துல ஐ.பி.எல் ஃபைனல். மும்பை 149, நாம 148. கால்ல ரத்தத்தோட வாட்சன் 80 அடிச்சுட்டு கடைசி ஓவர்ல ரன் அவுட். கடைசி பால்ல ரெண்டு ரன் வேணும், மலிங்கா போட்ட ஸ்லோ பால் ஷர்துல் கால்ல பட்டுது, ஆட்டம் க்ளோஸ். எங்க ஹாஸ்டல் டிவி ரூம்ல முப்பது பேர் இருந்தோம். ஒருத்தன் கூட பேசல. டிவிய ஆஃப் பண்ணக்கூட யாருக்கும் தோணல. ரூமுக்குப் போய் தலகாணில முகத்தப் புதைச்சுகிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

நான் அப்படிக் கவுந்து கிடந்தப்போ, நம்ம ஊர்ல திங்கக்கிழமை பொழுது விடியற நேரத்துல, டொரண்டோவுல அதே ஞாயித்துக்கிழமை ராத்திரி இந்த மேட்ச் நடந்திருக்கு. (இங்க 'டொரண்டோ'ன்னு எழுதினா அண்ணா அடிக்க வருவார். 'ரொறன்ரோ'ன்னுதான் எழுதணுமாம். மன்னிச்சுடுங்க அண்ணா, கை வரல.)

என்.பி.ஏ.வுல இப்ப கனடாவுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு டீம், டொரண்டோ ராப்டர்ஸ். 1995ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அடிவாங்கறதுல கெட்டி. 2001ல ஃபிலடெல்ஃபியாவோட ஏழாவது மேட்ச், ஒரு பாயிண்ட் பின்தங்கி இருக்காங்க, கடைசி செகண்ட்ல வின்ஸ் கார்ட்டர் எறிஞ்ச பந்து ரிங்குல பட்டு வெளியே வந்துடுச்சு. 88க்கு 87, தோல்வி. கார்ட்டர் அன்னிக்குக் காலைல தன்னோட பட்டமளிப்பு விழாவுக்குப் போயிட்டு வந்து ஆடினார்னு இன்னிக்கும் திட்டறவங்க உண்டு. (ஒரு மாஸ்டர்ஸ் மாணவனா நான் கார்ட்டர் கட்சி. கான்வகேஷன்னா சும்மாவா?) அப்புறம் 2016, 2017, 2018னு மூணு வருஷமும் லெப்ரான் ஜேம்ஸ் இருந்த க்ளீவ்லண்ட் கிட்டயே தோத்து வெளியே போனாங்க. கடைசி வருஷம் நாலுக்கு பூஜ்யம். 

வெறுத்துப் போய், ஊரே கொண்டாடின டெரோஸனை 2018 ஜூலையில சான் அன்டோனியோவுக்கு அனுப்பிட்டு, அங்கேர்ந்து கவாய் லெனார்டைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முந்தின சீசன்ல காயம் காரணமா ஒன்பதே மேட்ச் ஆடின ஆளு. ஒரே வருஷம்தான் இருப்பார்னு எல்லாருக்கும் தெரியும். பேச மாட்டார். சிரிக்க மாட்டார். வந்த புதுசுல பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒரு தடவை சிரிச்சதே பெரிய செய்தியாகி நெட் முழுக்கச் சுத்துச்சுன்னா பாத்துக்கோங்க.

2019 மே 12க்கு வருவோம். திரும்பவும் அதே ஃபிலடெல்ஃபியா, திரும்பவும் அதே ஏழாவது மேட்ச். கவாய் அன்னிக்கு 39 தடவை எறிஞ்சார், 16தான் விழுந்தது. அதாவது 23 தப்பு. நம்ம ஊர்ல இப்படி ஆடினா டீக்கடைல உக்காந்து ஏசியே கொன்னுருப்போம். கடைசி பத்து செகண்ட் சொச்சம் இருக்கறப்போ ரெண்டு ஃப்ரீ த்ரோ கிடைச்சது. ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. 90க்கு 88. எதிர் டீம் ஜிம்மி பட்லர் பந்தை வாங்கினார், ஓட்டமா ஓடினார், போட்டார். 90க்கு 90. மிச்சம் 4.2 செகண்ட்.

இந்த இடத்துல அண்ணா டிவிய நிறுத்திட்டு, "இப்ப மூச்சை இழுத்து வையும்"னார். நானும் இழுத்து வெச்சேன். என்னத்தச் சொல்ல.

பந்து கவாய் கைக்கு வருது. வலது மூலையப் பார்த்து ஓடறார். எம்பீட்னு ஒரு ஏழடி மனுஷன் கைய நீட்டிட்டுத் துரத்தறார். கோட்டுக்கு வெளியே விழப்போற கடைசி நொடியில, அந்தக் கைக்கு மேலே ரொம்ப உசரமாத் தூக்கி எறியறார் கவாய். பந்து காத்துல இருக்கும்போதே நேரம் முடிஞ்சாச்சு, சிவப்பு விளக்கு எரிஞ்சாச்சு. பந்து ரிங்கோட இந்தப் பக்க விளிம்புல விழுந்து மேலே எம்புது. திரும்ப அதே பக்கம். அந்தப் பக்கம் தாவுது. இன்னொரு தட்டு. நாலு தடவை. அப்புறம்தான், போனாப் போகுதுன்னு உள்ளே விழுந்தது.

92க்கு 90. ஏழாவது மேட்ச் ஒண்ணு இப்படி நேரம் முடியற கடைசி எறியில தீர்ந்தது என்.பி.ஏ. வரலாத்துலயே அதுதான் முதல் தடவை.

எனக்குப் பிடிச்சது அந்த நாலு குதிப்புக்கு நடுவுல இருக்கற நேரம்தான். சுமார் இருபதாயிரம் பேர் இருக்கற அரங்கம், ஒரு சத்தம் இல்ல. கவாய் ஓரமா குத்த வெச்சு உக்காந்து, வாயப் பிளந்துகிட்டு பந்தையே பாக்கறார். பின்னாடி அவங்க டீம் ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க. பக்கத்துல எம்பீட் நிக்கறார். எதிரெதிர் ஆளுங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி, கைல ஒண்ணுமில்லாம வேடிக்கை பாக்கறாங்க. மார்க் பிளிஞ்ச் எடுத்த அந்தப் படத்துக்கு 2020ல வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விளையாட்டுப் பிரிவுல முதல் பரிசு கிடைச்சது. தேடிப் பாருங்க. எங்க ஹாஸ்டல் டிவி ரூமும் மலிங்கா ஓடி வர்றப்போ அப்படித்தான் இருந்தது, படம் எடுக்கத்தான் ஆளில்ல.

பந்து விழுந்ததும் சிரிக்காத கவாய் வாயத் திறந்து ஒரு கத்து கத்தினார் பாருங்க... அடேங்கப்பா. எம்பீட் அழுதுகிட்டே உள்ளே போனார். அதையும் டிவில காட்டறாங்க. வாண்டு "ஏன் அந்த மாமா அழுறார்?"னு கேட்டுச்சு. ஒருத்தரும் பதில் சொல்லல.

அண்ணா அன்னிக்கு அரங்கத்துக்கு உள்ளே இல்ல. டிக்கெட் விலைக்கு கிட்னியத்தான் விக்கணும். வெளியே இருக்கற சதுக்கத்துல பெரிய திரை வெச்சிருப்பாங்க, டிக்கெட் இல்லாத சனமெல்லாம் அங்கதான். ஜுராசிக் பார்க்னு செல்லப் பேரு. அவர் சொன்னதை அப்படியே தர்றேன்:

"பந்து துள்ளேக்க ஒருத்தரும் மூச்சு விடேல்லத் தம்பி. விழுந்த உடன எனக்குப் பக்கத்தில நிண்ட ஒரு வெள்ளைக்கார மனுசி என்னைக் கட்டிப் பிடிச்சு அழுறா. ஆரெண்டே தெரியாது. பின்னால ஒரு சர்தார்ஜி, அவரும் அழுறார். நானும் அழுறன். பிறகு எல்லாரும் ரோட்டுக்கு இறங்கிட்டம். காரெல்லாம் ஹோர்ன் அடிக்குது. அப்பத்தான் அப்பா ஃபோன் எடுத்தவர்."

இந்த இடத்துல அம்மா எழுந்து அடுக்களைக்குப் போயிட்டாங்க. ஐயாதான் மிச்சத்தைச் சொன்னார்.

அந்த அரங்கத்துக்குத் தெக்கால பக்கத்துலயே கார்டினர்னு ஒரு மேம்பால நெடுஞ்சாலை போகுது. 2009 மே 10, அதுவும் ஞாயித்துக்கிழமை, அதுவும் அன்னையர் தினம். வன்னியில கடைசிக் கட்டப் போர். யாராவது ஏதாவது செய்ங்கன்னு கேட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ச் சனம் ஸ்பெடைனா பக்கமா ஏறி அந்த ரோட்டுல உக்காந்துட்டாங்க. நடுராத்திரி வரைக்கும் போக்குவரத்து நின்னு போச்சு. ஐயா, அம்மா, அப்போ பதினஞ்சு வயசுல இருந்த அண்ணா, மூணு பேரும் அங்க இருந்திருக்காங்க. அம்மாவோட தங்கச்சி குடும்பம் அப்போ வன்னிக்குள்ள. மாட்டிகிட்ட கார்க்காரங்க ஹோர்ன் அடிச்சாங்களாம், கத்தினாங்களாம். உங்க ஊருக்கே திரும்பிப் போங்கன்னும் சிலர்.

"சனத்துக்குக் கோவம் வாறது நியாயம்தான். வீட்ட போக வேணுமெல்லோ," அப்படின்னார் ஐயா. "ஆனா அந்த ஹோர்ன் சத்தம் என்ர காதை விட்டுப் போகேல்ல."

பத்து வருஷம் ரெண்டு நாள் கழிச்சு, வீட்ல தனியா மேட்ச் பார்த்துட்டிருந்தவருக்கு (அம்மா கோவிச்சுகிட்டு சீக்கிரமே படுத்தாச்சு, அன்னையர் தினத்துல பையன் வீட்ல இல்லன்னு) பையனோட பேசணும்னு தோணிருக்கு. அடிச்சார். எடுத்ததும் முதல்ல கேட்டது பையன் குரல் இல்ல, ஹோர்ன்.

"எங்கயடா நிக்கிறாய்?"

"டவுன்டவுன்ல அப்பா. கார்டினருக்குக் கிட்ட."

"உடன வீட்ட வா."

அண்ணாவுக்கு முதல்ல புரியல. வெண்டுட்டம் அப்பா, ஒரு பிரச்சினையும் இல்லைன்னு சொல்லியிருக்கார். ஐயா திரும்பத் திரும்ப "வீட்ட வா, வீட்ட வா"ன்னே சொல்லிட்டிருந்தாராம். அப்புறம் அண்ணாவுக்குச் சட்டுனு உறைச்சிருக்கு. ஒண்ணும் பேசாம ஃபோனை மேலே தூக்கிப் பிடிச்சிருக்கார். ரெண்டு நிமிஷம். கத்தல், பாட்டு, ஹோர்ன், எல்லாமும் போகட்டும்னு.

"என்ன கேட்டுது ஐயா?"ன்னு நான் கேட்டேன்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அடிச்சவங்கள்," அப்படின்னுட்டு டிவியப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இது வேற மாதிரி அடிச்சவங்கள்"ன்னார்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜூன் 13ல கோல்டன் ஸ்டேட்டை 114க்கு 110னு ஜெயிச்சு ராப்டர்ஸ் கோப்பையத் தூக்கினாங்க. ஜூலையிலேயே கவாய் மூட்டையக் கட்டிகிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போயிட்டார். ஏமாத்திட்டாருன்னு அண்ணாவுக்குக் கோவமான்னு கேட்டேன். "ஒரு வருசம் எண்டுதானே வந்தவர். சொன்ன வேலையைச் செய்துட்டுப் போட்டார்"னார். நான் கூட ரெண்டு வருஷ விசாவுல வந்து குந்தியிருக்கற ஆளுதான், அதனால அதுக்கு மேல நோண்டல.

கோப்பை ஜெயிச்ச மேட்சை ஏன் போட்டுப் பாக்கறதில்ல, ஏன் இதையேன்னும் கேட்டேன். அண்ணா யோசிச்சார். ஐயாதான் சொன்னார், "அது வெண்ட மேட்ச். இது விழுமோ விழாதோ எண்டிருந்த மேட்ச்." 2001ல கார்ட்டர் எறிஞ்சதும் ரிங்குலதான் பட்டுது. இதுவும் ரிங்குலதான் பட்டுது. நல்லா யோசிச்சா ஷர்துல் பேட்டும் பந்தும் கூட எவ்வளவு தூரத்துல தவறிச்சு? வேணாம், விடுங்க.

அண்ணா நாலாவது தடவையா போட்டார். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடிக்குது. ஊர்லேர்ந்து எங்கம்மா. அன்னையர் தினமும் அதுவுமா நான் கூப்பிடலைன்னு அவங்களே கூப்பிட்டாச்சு. (ஹி ஹி... அவங்களுக்கு விடிஞ்சு திங்கக்கிழமையே ஆயிடுச்சு.) எடுத்து காதுல வைக்கறேன், பந்து நாலாவது குதிப்பு குதிச்சு உள்ளே விழுது, வீடே "ஓஓஓ"ங்குது. இந்தத் தடவை நானும்.

"டேய், என்னடா சத்தம் அங்க? எங்கடா இருக்க?"

"வீட்லதாம்மா. மேட்ச் பாக்கறோம்."

"யாரு ஜெயிச்சா?"

"இது பழைய மேட்ச்மா."

"பழைய மேட்சுக்கா இந்தக் கத்து கத்துறீங்க? சாப்டியா?"

டிஸ்கி: பின்னூட்டத்துல எவனாவது வந்து தோனி ரன் அவுட் அவுட்டா இல்லையான்னு ஆரம்பிச்சீங்க, சத்தியமா அழிச்சுடுவேன். இன்னும் ஆறல மக்கா.