விழும் கல்லின் வேகம்: அன்றும் இன்றும்

2008 செப்டம்பர் 12 காலையில் சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் விண்கற்கள் விழுந்தன. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த மண் அது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். கிடைத்த கற்கள் நூறு கிலோவுக்கும் மேல். அவற்றை ஆராய்ந்தவர்கள் 'எல்.எல்.6' வகைக் காண்ட்ரைட் என்னும் கல்வகை விண்கல் என்று இனம் கண்டார்கள். ஆனால் அந்தக் கல் என்ன வேகத்தில் வந்தது என்பது மட்டும் அளக்கப்படவே இல்லை.

முன்பெல்லாம் வேகத்தைக் கணக்கால்தான் எட்ட முடிந்தது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் விழுந்த பர்னாலி விண்கல்லுக்கும் சாட்சி, மக்களின் கண்ணும் காதும்தான். ஆனால் கணக்குக்கு வேண்டிய விதியை நியூட்டன் 1687இலேயே தந்துவிட்டார்.

பள்ளியில் படிக்கும் சூத்திரம், வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். மாடியிலிருந்து விழும் கல்லுக்கு இது போதும். நிலவின் தொலைவான 3,84,400 கிலோமீட்டரிலிருந்து விழும் கல்லுக்குப் போட்டால் விநாடிக்கு 87 கிலோமீட்டர் என்று வரும். அது தவறு. தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும்; அந்தக் குறைவைச் சேர்த்துக் கணக்கிட்டால், காற்று இல்லை என்று கொண்டால், விடை 11.1 கிலோமீட்டர்தான். எவ்வளவு தொலைவிலிருந்து விழுந்தாலும் பூமியின் ஈர்ப்பு மட்டும் தரும் வேகம் 11.2ஐத் தாண்டாது. கல்லுக்குச் சொந்த ஓட்டமும் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் 30. சூரியக் குடும்பத்துக் கல் ஒன்று நம்மருகே ஓடக்கூடிய உச்ச வேகம் 42. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் ஏறத்தாழ 72. ஆக, விண்கற்கள் விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. அங்கே முன்னால் இருக்கும் காற்று நசுங்கிக் கொதிக்கிறது. கல் உருகி, உடைந்து, வேகம் இழக்கிறது. சிறு கற்கள் தரையைத் தொடும்போது மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகமே மிஞ்சும்.

இன்று வேகத்தை அளக்கிறார்கள். 1959இல் செக்கோஸ்லோவாகியாவில் விழுந்த பிரிப்ராம் விண்கல்தான் முதல் வெற்றி. கேமராவின் முன் சுழன்ற தகடு ஒளிக்கோட்டைத் துண்டு துண்டாக வெட்டியது. ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரம் என்பது தெரியும். இரண்டு ஊர்ப் படங்களை ஒப்பிட்டால் உயரமும் நீளமும் தெரியும். விடை, விநாடிக்குச் சுமார் 21 கிலோமீட்டர். சில கற்களை விழுமுன்பே கண்டறியவும் இன்று முடிகிறது. சூளகிரி நிகழ்வுக்கு 25 நாள் கழித்து, 2008 அக்டோபர் 7 அன்று, சூடான் பாலைவனத்தின் மேல் 2008 டிசி3 என்ற சிறுகோள் வெடித்தது. அது விழுவதற்கு முன்பே தொலைநோக்கியில் சிக்கியிருந்தது. நுழையும் நேரமும் இடமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டன. அதன் பின் பத்துச் சிறுகோள்களாவது இப்படி விழுமுன் கண்டறியப்பட்டுள்ளன.

நம் தருமபுரிப் பகுதிக்கு வேகத்தை அளக்கும் வசதி எட்டாததல்ல. அரூரில் ஒரு பள்ளி மாடி, பென்னாகரத்தில் ஒரு பள்ளி மாடி. இரண்டிலும் இரவு முழுவதும் வானத்தைப் பதிவு செய்யும் கேமராவும், நொடி பிசகாத கடிகாரமும் இருந்தால், இரு இடத்துக் கோணங்களிலிருந்து மாணவர்களே வேகத்தைக் கணக்கிடலாம். அதற்கு வேண்டிய முக்கோணவியல் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் இதைத் தொடங்கி வைக்க வேண்டும். அடுத்த கல் எப்போது வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வரும்போது அளக்கும் கருவி நம்மிடம் இருக்க வேண்டும்.