உங்களுக்குத் தெரியுமா? – தனியாக ஊதியவர்கள்

ஊர்வலத்தில் முப்பது பேர் அடிப்பார்கள், ஊதுவார்கள். ஓர் இடம் வரும். எல்லோரும் நிறுத்திக்கொள்ள, ஒருவர் மட்டும் ட்ரம்பெட்டைத் தூக்குவார். அந்த ஒற்றை மூச்சைத் தெருவே நின்று கேட்கும். ஊதியவர் பெயரோ பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தோலுக்கும் பட்டாளத்துக்கும் பேர்போன வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் நின்றுகொண்டு, அப்படித் தனியாக ஊதியவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

● மணிக்கூண்டுக் கல்
வேலூர் மணிக்கூண்டை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அதில் பதித்திருக்கும் கல்லை நின்று படித்ததுண்டா? 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு இன்றும் 'ராணுவப்பேட்டை' என்று இன்னொரு பெயர் உண்டு. இந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டாளத்துப் பியூகிள் வெறும் வாத்தியம் அல்ல. விடியலில் எழுப்பியது, சோற்றுக்கு அழைத்தது, கடைசியில் வழியனுப்பியது எல்லாம் அதுதான்.

● இரவு எட்டு மணி
அதே பெரும்போரில் கல்லறைகூட இல்லாமல் மறைந்தவர்களுக்காக பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் எழுப்பப்பட்டது மெனின் வாயில். 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் 400-க்கும் மேல் இந்தியப் படைவீரர்களுடையவை. 1928-இல் தொடங்கிய வழக்கப்படி, இரவு எட்டு மணிக்கு அங்கே போக்குவரத்தை நிறுத்தி 'லாஸ்ட் போஸ்ட்' என்ற பியூகிள் அழைப்பை ஊதுகிறார்கள். ஊதுபவர்கள் பட்டாளத்தார் அல்லர், உள்ளூர்த் தீயணைப்புப் படையினர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்தபோது ஊதல் நின்றது. 1944 செப்டம்பர் 6-ஆம் தேதி நகரம் விடுபட்டது. நகரின் மற்றொரு பக்கம் சண்டை ஓயாதபோதே, அன்று மாலையே மீண்டும் ஊதினார்கள்.

● விரலுக்கு வேலையில்லை
பியூகிளில் துளை கிடையாது, வால்வு கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சின் வேகத்தை மாற்றியும்தான் சுரம் மாற வேண்டும். பட்டாள அழைப்புகள் எல்லாம் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடும். நம் கணக்கில் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. அதாவது ச, க, ப என்ற மூன்றே பெயர்கள். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு படையையே எழுப்பலாம், ஓட வைக்கலாம், அழவும் வைக்கலாம்.

● தோல் போன வழி, கொம்பு போன வழி
'பியூகிள்' என்ற சொல் இளங்காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் ஊதியது மாட்டுக் கொம்பைத்தான். பித்தளையும் செம்பும் பிறகு வந்தன. தமிழிலும் அதே கதைதான். கோயில் திருவிழாவில் வளைந்து நிமிரும் அந்த உலோக வாத்தியத்தை நாம் இன்றும் 'கொம்பு' என்றுதானே சொல்கிறோம்? மாட்டின் தோல் பறைக்குப் போனது, கொம்பு ஊதுகுழலுக்குப் போனது. மேளமும் பியூகிளும் ஒரே தொழுவத்தில் பிறந்தவை.

● தீயில் காட்ட வேண்டாத மேளம்
அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து ஓசை மங்கிவிடும். மேலை நாட்டு பேண்டுகளும் கன்றுத்தோல் போர்த்திய டிரம்மோடு மழைநாளில் இதே பாடுதான் பட்டன. 1950-களின் பிற்பகுதியில் மைலார் என்ற பாலியெஸ்டர் படலம் டிரம்மின் முகத்துக்கு வந்தது. 1957-இல் தொடங்கிய ரெமோ நிறுவனம் அதை உலகெங்கும் பரப்பியது.

● மிச்சப்பட்ட பியூகிள்கள்
முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள், பட்டாளத்தில் மிஞ்சிய பியூகிள்களையும் டிரம்களையும் வைத்து ஊருக்கு ஊர் குழு சேர்த்தார்கள். 'டிரம் அண்ட் பியூகிள் கோர்' அப்படிப் பிறந்தது. போகப்போகப் பியூகிளுக்கு வால்வு வந்தது. இளைஞர் குழுக்களுக்கான டி.சி.ஐ. அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. வென்றது அனஹைம் கிங்ஸ்மென். 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ் குழுவில் மெல்லபோன் பியூகிளைத் தனியாக வாசித்த பான்னி ஆட் என்ற பெண்ணை, அந்த வட்டத்து ரசிகர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். நமக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

● உடைந்த ஆறாவது சுரம்
1963 நவம்பர் 25. அதிபர் கென்னடியின் உடல் ஆர்லிங்டனில் அடக்கம். குளிரில் நெடுநேரம் காத்து நின்ற சார்ஜென்ட் கீத் கிளார்க், துப்பாக்கிகள் பக்கத்திலேயே மும்முறை முழங்கி ஓய்ந்ததும் 'டாப்ஸ்' என்ற வழியனுப்பு மெட்டை ஊதினார். மொத்தம் 24 சுரங்கள். ஆறாவது சுரம் பிசிறி உடைந்தது. அமெரிக்க ராணுவ பேண்டின் தலைசிறந்த கலைஞர் அவர். வருந்தினார். கேட்டவர்களோ அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடே விம்மியதாக எடுத்துக்கொண்டார்கள்.

● கோட்டை பேண்டிலிருந்து கீர்த்தனைக்கு
தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, மேலை வாத்தியங்களை வரவழைத்து அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். மணலியில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இன்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் 'நோட்டு ஸ்வரம்' அதுதான். அந்த மெட்டுகளை அன்று அவர் காதில் போட்ட பேண்டுக்காரர்களின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

● செருப்புக் கம்பெனி தந்த கலைஞர்
ஆம்பூர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். கல்கத்தா அருகே பாட்டாநகரில் பாட்டா செருப்புக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பேண்டு இருந்தது. ஜோசப் நியூமன் என்ற ஹங்கேரிக்காரர் அதை நடத்தினார். இளம் வயதில் அதில் சேர்ந்து வளர்ந்தவர் மனோகரி சிங் (1931–2010). பிறகு பம்பாய் சென்று இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனின் வலக்கை ஆனார். 1969-இல் வந்த 'ஆராதனா'வின் 'ரூப் தேரா மஸ்தானா' பாட்டில் உங்களைக் கட்டிப்போடும் சாக்ஸபோன் அவருடையது. அந்தப் படம்தான் தமிழில் சிவாஜி நடித்த 'சிவகாமியின் செல்வன்'.

● திரையில் தெரிந்த ட்ரம்பெட்
பாட்டைப் பாடியவர் பெயர் இசைத்தட்டில் இருக்கும். இடையில் ட்ரம்பெட் ஊதியவர் பெயர் இருக்காது. அபூர்வமாக ஒருவர் முகத்தோடு தெரிந்தார். கோவாவின் அல்டோனாவில் பிறந்த அன்டோனியோ சேவியர் வாஸ், மேடைப்பெயர் சிக் சாக்லெட். 1951-இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் தன் குழுவோடு தோன்றினார். 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று கொண்டாடப்பட்டவர். அந்தப் படத்துக்கு இசை சி. ராமச்சந்திரா, நம் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்த அவரேதான்.

● சாக்ஸபோனுக்குள் தோல்
சாக்ஸபோன் பித்தளையில் செய்தது. ஆனாலும் அது ட்ரம்பெட் குடும்பம் அல்ல. நாதஸ்வரத்துச் சீவாளி போல நாணல் அதிர்ந்துதான் அதில் ஓசை பிறக்கிறது. அதன் ஒவ்வொரு சாவிக்கும் அடியில் மெல்லிய தோல் போர்த்திய ஒரு வட்டத் திண்டு உண்டு. துளையை அது காற்றுப் புகாமல் மூடினால்தான் சுரம் சுத்தமாக வரும். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கி, பல ஆண்டு உழைத்துக் கர்நாடக இசையை அதில் கொண்டுவந்தார். 'டூயட்' படத்தில் நீங்கள் கேட்டது அவர் மூச்சைத்தான்.

● நேதாஜியின் பேண்டு மாஸ்டர்
இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தது தெரியும். அவர்கள் நடைபோட்ட 'கதம் கதம் படாயே ஜா' பாட்டுக்கு மெட்டமைத்தவர் கேப்டன் ராம் சிங் தாக்குரி (1914–2002), கூர்க்கா படையில் சிறுவயதிலேயே பேண்டில் சேர்ந்தவர். ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த அந்த மெட்டை, சுதந்திர இந்தியாவின் ராணுவ பேண்டுகள் இன்றும் வாசிக்கின்றன.

● மீரட்டின் ஜலி கோட்டி
நம் ஊர்க் கல்யாணத்தில் மின்னும் வாத்தியத்தின் பிறந்தகம் மீரட்டாக இருக்கலாம். அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியே பேண்டு வாத்தியத் தொழிலுக்குப் பேர்பெற்றது. பட்டாளத்தில் பேண்டு தலைவராக இருந்த நாதிர் அலி 1885-இல் தொடங்கிய நிறுவனமும் அங்கேதான் வளர்ந்தது. தோலுக்கு ஆம்பூர் எப்படியோ, பேண்டு வாத்தியத்துக்கு மீரட் அப்படி.

● உதட்டில் ஒரு வளையம்
ஊர்வலம் முடிந்து பேண்டுக்காரர் ட்ரம்பெட்டை இறக்கும்போது அவர் வாயைப் பாருங்கள். மவுத்பீஸ் அழுந்திய வட்டம் உதட்டில் சிவந்து பதிந்திருக்கும். குழாயின் அடியில் உள்ள சின்னச் சாவியை அழுத்தி ஊதி, தண்ணீரைத் தரையில் உதறுவார். எச்சில் என்று முகம் சுளிக்காதீர்கள். அது பெரும்பாலும் அவருடைய மூச்சு. சூடான மூச்சு குளிர்ந்த பித்தளையில் பட்டு நீரானது.

● முடிவில் ஊதுவது எழுப்புவதற்கு
'லாஸ்ட் போஸ்ட்' சாவுக்காக உண்டான மெட்டு அல்ல. இரவில் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், இனி உறங்கலாம் என்று முகாமுக்குச் சொன்ன ஒலி அது. நினைவு நிகழ்ச்சிகளில் அதை ஊதி, மௌனம் காத்து, பிறகு விடியல் அழைப்பை ஊதுவது மரபு. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளில் அந்தப் பியூகிள் ஒலியைக் கேட்டால், ஊதுபவரின் முகத்தையும் பாருங்கள். ஐந்து சுரம்தான், தவறினால் மறைக்கப் பக்கத்தில் துணை வாத்தியம் கிடையாது.

அடுத்த முறை ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ ஒரு பேண்டு செட் வாசித்து முடித்து, வாத்தியங்களை வேனில் ஏற்றும்போது இரண்டு நிமிடம் நில்லுங்கள். தனியாக ஊதியவரிடம் போய், "அண்ணே, உங்க பேர் என்ன?" என்று கேளுங்கள். கேட்டதை வீட்டில் வந்து சொல்லுங்கள்.