ஒரு சாண் ரப்பர்

புதிதாக ஒரு காரை வாங்கப் போகும்போது அதன் வர்ணத்தையும் மெத்தையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லுகிறவர்கள்கூட, பானட்டைத் தூக்கி, என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வளைந்து கிடக்கும் கறுப்பு ரப்பர் ஹோஸை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்ப்பதில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலில், திண்டிவனத்துக்கு இப்பால், என் பழைய அம்பாஸடரின் மேல் ஹோஸ் கிளிப்பின் ஓரத்தில் கிழிந்து, பானட்டின் இடுக்கெல்லாம் ஆவி சீறிக்கொண்டு கிளம்பிய அன்றுதான், அந்த ஒரு சாண் ரப்பரில் வண்டியின் ஜீவநாடி ஓடுவதை அறிந்தேன்.

ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். இன்றைய ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால், நடுவே நூற்பின்னல் வைத்துச் செய்யப்படுபவை. உஷ்ணத்தையும் கூலண்டையும் நன்றாகத் தாங்கும் இவை, எண்ணெய் பட்டால் மட்டும் ஊறிப் பருத்து வலுவிழந்துபோகும். அன்றியும், ஹோஸ் உள்ளிருந்தே கெடத் தொடங்குகிறது. வெளித்தோல் மினுமினுப்பாகத் தோன்றும் காலத்திலேயே, என்ஜினின் உலோகத்துக்கும் கூலண்டுக்கும் இடையே நிகழும் மின்ரசாயன விளைவால், கிளிப்பை ஒட்டிய ஓரிரண்டு அங்குலத்தில் மயிரிழைப் பிளவுகள் நீள்கின்றன. ஆகையால் என்ஜின் ஆறியபின் ஹோஸின் நடுவையும் நுனியையும் மாறி மாறி அழுத்திப் பார்த்து, நுனி மட்டும் தளர்ந்திருக்குமானால், தாமதமின்றி மாற்றிவிட வேண்டும்.

மாற்றுகிற வேலை பொறுமையைக் கேட்பது. கூலண்டை ஒரு பேசினில் வடித்து, உடனே மூடி வைக்க வேண்டும். அதிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்பாயிருப்பதால் நாய் பூனைகள் நக்கி உயிரை விடுவதுண்டு. ஒட்டிப்போன பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் ரேடியேட்டரின் மெல்லிய பித்தளைக் கழுத்து நெளியும் அபாயம் உண்டாதலால், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே உத்தமம். கழுத்தின் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை ஏற்றி, கழுத்தின் விளிம்பு மேட்டுக்குப் பின்னால் கிளிப் உட்காரும்படி இறுக்க வேண்டும். கிரீஸ் கூடவே கூடாது. கீழ் ஹோஸுக்குள் சுருள்கம்பி இருந்தால் அதையும் மறவாமல் புதியதில் வைக்க வேண்டும்; பம்ப்பின் உறிஞ்சலில் குழாய் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுவே.

இனி அலங்காரம். அதை ஆடம்பரமென்று ஒதுக்குவாரோடு நான் உடன்படேன். நீலத்திலும் சிவப்பிலும் வரும் சிலிக்கோன் ஹோஸ்கள் உஷ்ணத்தை ரப்பரைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் சாதாரண சிலிக்கோனைப் பெட்ரோலுக்கோ ஆயிலுக்கோ போடலாகாது. ரப்பரின்மேல் வெறும் அழகுக்காக மாட்டும் எஃகுப் பின்னல் உறையை மட்டும் நான் விரும்பவில்லை. உள்ளே நிகழும் க்ஷயத்தை அது கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாமல் மறைப்பதோடு, உராயும் இடத்தில் வயர்களையும் அறுத்துவிடுகிறது.

என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு வர்ணம் பூசுவது எனக்கு மிகவும் பிரியமான வேலை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சத்தில் வந்த அம்பாஸடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில், அந்தத் தகட்டு மூடியை இரண்டே நட்டுகள் பிடித்திருக்கின்றன. பழைய பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உஷ்ணம் தாங்கும் வெளிர்நிறத்தைப் பூசி, புதிய கார்க் பேக்கிங்கோடு மாட்டி, நட்டுகளை அளவறிந்து இறுக்கினேன். மிஞ்சி இறுக்கினால் தகடு நெளிந்து, கார்க் நசுங்கி, ஆயில் கசியும். வெளிர்நிறத்தின்மீது ஒரு துளி கசிந்தாலும் உடனே தெரியுமாகையால், அழகையும் எச்சரிக்கையையும் ஒருங்கே அளிப்பது அந்நிறம்.

எல்லாம் முடிந்து ஒரு சுற்று ஓட்டி வந்து, என்ஜின் முற்றும் ஆறியபின் தளர்ந்திருந்த கிளிப்புகளை மீண்டும் சற்றே இறுக்கி, அன்றிரவு வண்டியின் கீழே பழைய செய்தித்தாள்களை விரித்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்தபோது, காகிதத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.